சாவி இல்லாத பழைய கார்வெட்: டூப்ளிகேட்டா, அளந்து வெட்டுவதா, புதுப் பூட்டா?

பழுது பார்த்து மீட்கவென்று வாங்கும் மூன்றாம் தலைமுறை செவ்ரலே கார்வெட் (1968–82) பெரும்பாலும் ஒரே ஒரு தேய்ந்த சாவியோடு வந்து சேரும். அதையும் ஆட்டி ஆட்டி, பாதி இழுத்துப் பிடித்தால்தான் பூட்டு திரும்பும். சில கார்கள் அந்த ஒன்றும் இல்லாமலே டிரெய்லரில் வந்து இறங்கும். இரண்டில் எதுவானாலும், உடனே பாகக் கடைப் பட்டியலைப் புரட்டி இக்னிஷனுக்கும் கதவுக்கும் புதுப் பூட்டு செட் வாங்கத்தான் மனம் போகும். நம் பார்வையில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. காருக்குச் சரியான சாவி எது என்கிற தகவல் காரிலேயே, பூட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகளில் பத்திரமாக இருக்கிறது. அதைப் படிக்க ஆகும் செலவு, புது செட் விலையில் ஒரு பங்குதான். அசல் பூட்டும் கையில் நிற்கும்.

ஆனால் எல்லா ஆண்டுக் காருக்கும் ஒரே வழி பொருந்தாது. 1973 வரை, 1974 முதல் என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

எந்தச் சாவி, எந்த எழுத்து

1967 முதல் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) இரண்டு சாவி முறைக்கு ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தது. சதுரத் தலைச் சாவி முதன்மை, வட்டத் தலைச் சாவி துணை. ஒவ்வொரு மாடல் ஆண்டுக்கும் சாவித் தண்டின் பக்கவாட்டுக் காடி மாறும். அந்தக் காடிக்கு ஓர் எழுத்து உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எழுத்துகள் திரும்ப வரும்:

1968, 72, 76, 80: சதுரம் சி, வட்டம் டி
1969, 73, 77, 81: சதுரம் ஈ, வட்டம் எச்
1970, 74, 78, 82: சதுரம் ஜே, வட்டம் கே
1971, 75, 79: சதுரம் ஏ, வட்டம் பி

இல்கோ நிறுவனத்தின் வெட்டாத சாவிகளில் இதே எழுத்து எண்ணோடு சேர்ந்து வரும். 1969 காருக்கு பி1098ஈ, எஸ்1098எச். 1971-க்கு பி1098ஏ, எஸ்1098பி. விலை சில டாலர்தான். உங்கள் ஆண்டுக்குரிய இரண்டு வெட்டாத சாவிகளையும் முதலில் வாங்கி, காரில் உள்ள ஒவ்வொரு பூட்டிலும் நுழைத்துப் பாருங்கள். வேறு எந்த வேலைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இதுதான். காடி பொருந்தினால் வெட்டாத சாவியும் கடைசி வரை உள்ளே போகும். ஈ எழுத்துச் சாவி இக்னிஷனில் நுழைகிறது, இடது கதவில் நுழைகிறது, வலது கதவில் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால், வலது கதவுப் பூட்டை யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சிலிண்டரைப் பிரித்துப் படித்துச் சாவி போட்டுவிட்டு, இக்னிஷன் ஏன் திரும்பவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றை மறக்கக் கூடாது: இங்கே ஆண்டு என்பது மாடல் ஆண்டு, காரைத் தயாரித்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

இப்போது அந்தக் கோடு. 1973 வரை ஜி.எம். வழக்கப்படி சதுரச் சாவி இக்னிஷனுக்கும் கதவுக்கும் பொது. வட்டச் சாவி இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டி போன்ற மற்றப் பூட்டுகளுக்கு. 1974 முதல் சதுரம் இக்னிஷனுக்கு மட்டும், கதவு வட்டச் சாவிக்குப் போய்விட்டது. மீட்பு வேலை செய்பவருக்கு இதன் பொருள் ஒன்றே. 1973 வரையிலான காரில் கதவுப் பூட்டைப் படித்தால் இக்னிஷன் சாவியும் சேர்ந்து கிடைக்கும். 1974-க்குப் பிறகு கிடைக்காது. ஐம்பது ஆண்டுக் காரில் யார் என்ன மாற்றினார்கள் என்று தெரியாது, ஆகவே கதவில் எந்த எழுத்து நுழைகிறது என்பதையே கடைசிச் சாட்சியாக வையுங்கள்.

பூட்டுக்குள் நடப்பது

சிலிண்டருக்குள் ஆறு மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் வி வடிவில் ஒரு சின்ன வெட்டு. சரியான சாவி நுழைந்ததும் ஆறு தகடுகளும் ஆளுக்கொரு உயரத்துக்கு ஏறி, ஆறு வி வெட்டுகளும் ஒரே கோட்டில் நிற்கும். பக்கத்தில் இருக்கும் சைடுபார் என்கிற சட்டம் அந்தக் கோட்டுக்குள் இறங்கும். அப்போதுதான் சிலிண்டர் திரும்பும். ஒரு தகடு கொஞ்சம் பிசகினாலும் சைடுபார் இறங்காது.

தகடுகளில் ஐந்து வகை. ஒவ்வொன்றின் மேலும் 1 முதல் 5 வரை அதன் எண் அச்சாகியிருக்கும். பிரித்த சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண் கண்ணுக்கே தெரியும். ஆறு எண்களைத் தலைப்பக்கத்திலிருந்து நுனிப்பக்கமாக எழுதினால் அதுதான் உங்கள் சாவி. இந்தப் பூட்டைத் திருட்டுத்தனமாகத் திறப்பது கடினம் என்பதும் இந்தச் சைடுபாரால்தான். வெட்டாத சாவியை நுழைத்து ஆட்டி, பதியும் தடத்தைப் பார்த்து அரம் போடும் பழைய உத்தி இதில் சரியாகப் பலிக்காது. அப்படிச் சாவி எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஜி.எம். சைடுபார் பூட்டில் செய்த அனுபவம் உண்டா என்று.

ஒரு சாவி இருக்கிறது: அப்படியே டூப்ளிகேட் போடலாமா?

கடைத்தெரு இயந்திரத்தில் சாவியைக் கொடுத்து ஒரு பிரதி வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. காரில் சாவி சுத்தமாகத் திரும்பினால் அது போதும். ஆட்டினால்தான் திரும்பும் என்றால் வேண்டாம். அந்த இயந்திரம் தேய்மானத்தையும் சேர்த்தே பிரதி எடுக்கும். இருக்கும் சாவியே மூன்றாவது, நான்காவது தலைமுறைப் பிரதியாக இருந்தால், ஒவ்வொரு முறையும் சேர்ந்த பிசகு மொத்தமாக உங்கள் புதுச் சாவியில் வந்து உட்காரும்.

அதைவிடப் பல மடங்கு நல்லது, சாவியை அளந்து அசல் ஆழத்துக்குப் புதிதாக வெட்டுவது. ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் போதும். சாவியின் வெட்டாத அடி விளிம்புக்கும் வெட்டின் அடிக்கும் இடையே உள்ள அகலத்தை அளக்க வேண்டும். காலிப்பரின் கத்தி போன்ற மெல்லிய முனையைப் பயன்படுத்துங்கள், அகன்ற தாடை வெட்டுக்குள் முழுசாக இறங்காது. ஆழம் 1 என்றால் 0.315 அங்குலம், அதாவது 8.00 மி.மீ. 2 என்றால் 7.37, 3 என்றால் 6.73, 4 என்றால் 6.10, 5 என்றால் 5.46. அடுத்தடுத்த ஆழங்களுக்கு இடையே 0.025 அங்குலம், சுமார் 0.64 மி.மீ. வித்தியாசம்.

தேய்ந்த சாவியில் அளவு இந்த எண்களில் நேராக வந்து விழாது. ஒரு வெட்டு 7.10 என்று காட்டும். 7.37-க்கும் 6.73-க்கும் நடுவில் அது ஊசலாடும்போது என்ன செய்வது? தேய்மானம் உலோகத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. ஆகவே பெரிய அளவின் பக்கம் சாயுங்கள், அது 2. இதைச் சரிபார்க்க ஒரு நல்ல கணக்கும் உண்டு. 1967-க்குப் பிந்தைய ஜி.எம். ஆறு வெட்டுச் சாவியில் ஆறு எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருக்கும். 2-3-1-3-4-3 என்று வந்தால் கூட்டு 16, சரி. நான்காவது வெட்டை 2 என்று படித்திருந்தால் கூட்டு 15 ஆகும், எங்கோ தவறு. எந்த வெட்டு நடுவாந்திரமாக இருந்ததோ அதைத் திரும்ப அளங்கள்.

இந்த ஆறு எண்களை எடுத்துக்கொண்டு பழைய கார் வேலை தெரிந்த பூட்டுக்காரரிடம் போங்கள். அவரிடம் கர்ட்டிஸ் கிளிப்பர் மாதிரி எண் வைத்து வெட்டும் இடுக்கி இருக்கும். வெட்டின் ஆழத்தையும் இடைவெளியையும் தீர்மானிக்கும் ஜி.எம்.முக்கான பாகங்களை (கேம், கேரியேஜ்) பொருத்தி, ஆழ எண்ணைத் திருப்பிவைத்து ஆறு முறை நறுக்கினால் தொழிற்சாலை அளவில் சாவி வந்துவிடும். தேய்ந்த சாவி தடுமாறிய அதே பூட்டில் இது பெரும்பாலும் வெண்ணெயாகத் திரும்பும். அப்படியும் தடுமாறினால்தான் தகடுகள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

சாவி உள்ளேயே உடைந்து மாட்டிக்கொண்டால், சூப்பர் க்ளூ தடவிய குச்சியை நுழைத்து இழுக்கும் தந்திரம் வேண்டவே வேண்டாம். பசை தகடுகளுக்கிடையே பரவினால் சிலிண்டர் குப்பைக்குத்தான். மெல்லிய கொக்கி வடிவ எடுப்பான்கள் பூட்டுக்கடையில் கிடைக்கும். உடைந்த இரண்டு துண்டையும் தூக்கிப் போடாதீர்கள், அளப்பதற்கு அவை போதும்.

சாவி எண் கிடைக்குமா?

புதுக் காரோடு வந்த சாவியின் தலையில் ஒரு சிறு நீள்வட்டத் துண்டு இருக்கும். அதில் நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. காரை ஒப்படைக்கும்போது டீலர் அதைத் தட்டி எடுத்துவிடுவார், பாதுகாப்புக்காக. பழைய சாவிகளின் தலையில் ஓட்டை தெரிவது இதனால்தான். அந்தத் துண்டு இன்னும் ஒட்டியிருக்கும் உபரிச் சாவியோ, துண்டைப் போட்டுவைத்த டீலர் உறையோ முதல் உரிமையாளரின் காகிதங்களோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். குறியீட்டை நேராக ஆழங்களாகப் படிக்க முடியாது. பூட்டுக்காரரின் குறியீட்டுப் புத்தகமோ மென்பொருளோ அதை ஆறு ஆழங்களாக மாற்றித் தரும். வெட்டுவது அதே இடுக்கியில்தான்.

செவ்ரலே டீலரிடம் காரின் அடையாள எண்ணான வி.ஐ.என்.-ஐக் கொடுத்தால் சாவி எண் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். புதிய கார்களுக்கு அது சரி. 1970களின் காருக்கு அந்தப் பதிவு இப்போது கிடைக்காது. ஒரு நாள் வீணாகும், அவ்வளவுதான். காரின் உடலில் உள்ள சிலிண்டர்களைக் கழற்றும்போது அவற்றின் வெளிப்புறத்தைத் துடைத்துப் பாருங்கள், சிலவற்றில் குறியீடு அடித்திருக்கும். இருந்தால் பிரிக்கும் வேலையே மிச்சம்.

சாவியே இல்லை: கதவுப் பூட்டைக் கழற்றிப் படிப்பது

1973 வரையிலான காருக்கு இதுதான் முதல் தேர்வு. கதவுச் சிலிண்டரைக் கழற்றுவது ஒரு மாலை வேலை. கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, கைப்பிடி, கண்ணாடிச் சுழற்றி, உட்புறப் பலகை ஆகியவற்றை எடுக்க வேண்டும். கை விட்டால் சிலிண்டரின் பின்புறத்தில் லாட வடிவத்தில் ஒரு தகட்டு கிளிப் தட்டுப்படும். அதை ஒரு பக்கமாகத் தள்ளினால் சிலிண்டர் வெளிப்பக்கமாக வந்துவிடும். கிளிப் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். வெளியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக் கூடாது. இந்தக் காரின் உடல் ஃபைபர் கிளாஸ். இரும்புக் கதவு போல வளைந்து தராது, பெயின்ட்டோடு சேர்ந்து சில்லாகப் பெயரும். சிலிண்டருக்கும் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கேஸ்கெட் இருக்கும். அது நொறுங்கிவிடும் என்று எதிர்பார்த்து, புதிதாக இரண்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கார் பெயின்ட்டுக்குப் போகப் போகிறது என்றால் கைப்பிடியும் சிலிண்டரும் எப்படியும் கழறத்தான் போகின்றன. சாவி வேலையை அந்த வாரத்தில் வையுங்கள்.

கழற்றிய சிலிண்டரைப் பூட்டுக்காரரிடம் கொடுங்கள். ஊரில் அனுபவசாலி இல்லையென்றால் தபாலில் அனுப்பலாம், இதன் பெரிய வசதியே அதுதான். காரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். முகப்பு மூடியை மடித்து எடுத்து, தகடுகளைப் படித்து, சாவி வெட்டி, புது மூடி போட்டுத் திருப்பித் தருவார். தூசித் தடுப்புக் கதவும் அதன் சுருளும் இத்தனை ஆண்டில் செத்திருக்கும், அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலையும் அடையாள அட்டையையும் கேட்டால் சங்கடப்பட வேண்டாம். கேட்காமல் வெட்டித் தருபவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு துணை வழி: கையுறைப் பெட்டி வகைப் பூட்டுகளில் ஜி.எம். நான்கு தகடுகளை மட்டுமே வைத்தது. அதைப் படித்தால் நான்கு வெட்டு தெரியும், மீதி இரண்டு தெரியாது. ஆனால் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்கிற விதியும், அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே பெரிய தாவல் கூடாது என்கிற விதியும் சேர்ந்து அந்த இரண்டுக்கான வாய்ப்புகளைச் சிறு கைப்பிடி அளவுக்குக் குறைத்துவிடும். வட்டச் சாவிக்கு இது நல்ல குறுக்குவழி. 1974-க்குப் பிந்தைய காரில் கதவுச் சாவியை இப்படியும் பிடிக்கலாம்.

ஆனால் 1974-க்குப் பின் இக்னிஷன் சாவி எந்த இன்னொரு பூட்டிலும் இல்லை. அங்கே தேர்வு இரண்டுதான். சைடுபார் பூட்டில் கைதேர்ந்த ஒருவரைக் காரிடம் வரவழைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் ட்ரை-அவுட் சாவிக் கொத்தாலோ, சாவியில்லாமல் தகடுகளை நகர்த்தும் பிக் கருவியாலோ சிலிண்டரைத் திருப்பச் செய்வது ஒன்று. இக்னிஷன் சிலிண்டரை மாற்றுவது இன்னொன்று. முதலாவது பலித்தால் அசல் சிலிண்டர் பிழைக்கும். பலிக்காவிட்டாலும் வந்து போன கூலி உண்டு. மதிப்பீட்டில் அசல் தன்மைக்குப் புள்ளி வாங்க வேண்டிய காராக இல்லாவிட்டால், 1974–82 காருக்கு நேராக மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

இக்னிஷன் சிலிண்டரை மாற்றுவது

1968-இல் மட்டும் இக்னிஷன் டேஷ்போர்டில் இருந்தது. அதன் முகத்தில் ஒரு சிறு துளை. சாவியை ஏ.சி.சி. (துணைக் கருவிகளுக்கு மட்டும் மின்சாரம் தரும்) நிலைக்குத் திருப்பி, துளையில் நேராக்கிய பேப்பர் கிளிப்பை அழுத்தி, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் சிலிண்டர் வெளியே வரும். சாவி இல்லையென்றால் ஸ்விட்ச் முழுவதையும் டேஷ் பின்னாலிருந்து கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் பூட்டு இல்லை என்பதால் மற்றபடி சிக்கல் இல்லை.

1969 முதல் இக்னிஷன் ஸ்டீயரிங் காலத்துக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் தூணுக்குப் போனது, சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டியது. வேலையின் அளவு அங்கேதான் மாறுகிறது.

முதலில் பேட்டரி. மூன்றாம் தலைமுறைக் கார்வெட்டில் அது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மூடிக்கு அடியில் இருக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஹார்ன் பொத்தான், அடுத்து நடு நட். சக்கரத்தை அதற்குரிய புல்லர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். தண்டைச் சுத்தியலால் தட்டினால், மோதலில் மடங்குவதற்காகக் காலத்தில் வைத்த பிளாஸ்டிக் ஊசிகள் அறுந்துபோகும், பிறகு காலம் முழுதும் கெட்டது. அடியில் லாக் பிளேட், ஸ்டீயரிங்கைப் பூட்டும் வட்டத் தகடு. அதைக் கருவியால் அழுத்திப் பிடித்து, தண்டின் காடியில் உள்ள கம்பி வளையத்தை எடுக்க வேண்டும். சாயவும் நீளவும் செய்யும் டில்ட்-டெலஸ்கோப்பிக் காலம் உள்ள காருக்கு இதற்கு வேறு அடாப்டர் தேவை, சாதாரணக் கருவி உட்காராது. பிறகு டர்ன் சிக்னல் லீவரும் அபாய விளக்குப் பொத்தானும் வரும். ஸ்விட்சைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூவை எடுத்து, வயரை அறுக்காமல் ஸ்விட்சை மேலே தூக்கி ஓரமாக விடுங்கள்.

இப்போது சாவி எச்சரிக்கை பஸ்ஸர் ஸ்விட்ச். முனை வளைத்த பேப்பர் கிளிப்பால் அதை மெதுவாக இழுக்க வேண்டும். அதன் முதுகில் கவ்வி நிற்கும் சின்ன ஸ்பிரிங் கிளிப்பை ஸ்விட்சோடு சேர்த்தே எடுங்கள். தனியாக விட்டால் அது நேராகக் காலத்துக்குள் விழும். விழுந்த கிளிப் ஒரு நாள் பல்சக்கரத்தில் மாட்டி, ஓடிக்கொண்டிருக்கும் காரில் சாவியைத் திரும்ப விடாமல் செய்யும். ஆகவே விழுந்துவிட்டால், அதைக் கண்டெடுக்கும் வரை வேறு வேலை கிடையாது.

சிலிண்டரைப் பிடித்திருப்பது என்ன என்பது ஆண்டைப் பொறுத்தது. 1969 முதல் 1978 வரை ஒரு ஸ்பிரிங் நாக்கு. டர்ன் சிக்னல் ஸ்க்ரூத் துளையின் பக்கத்தில் உள்ள ஒரு குறுகிய பிளவில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை இறக்கி அழுத்தினால் நாக்கு விடும். முதல் முறை கழறும் காரில் அந்தப் பிளவை வார்ப்பின் மெல்லிய படலம் மூடியிருக்கும், அதைக் குத்தி உடைத்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். 1979 முதல் நாக்குக்குப் பதில் ஒரு ஸ்க்ரூ. அதுவும் காலத்துக்குள் விழும் ஆசை கொண்டது, காந்த முனை வைத்து எடுங்கள்.

தொழிற்சாலை மேனுவல் சொல்வது, இதைச் செய்யும்போது சாவி ரன் நிலையில் இருக்க வேண்டும் என்று. சாவி இல்லாதவருக்கு அது முடியாது. 1969–73 காரில் முதலில் கதவுப் பூட்டைப் படித்துச் சாவி எடுங்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இதுதான். வேலை செய்யும் சாவி கையில் இருந்தால், பழைய சிலிண்டரை மாற்றுவதானாலும் கழற்றுவது சுலபம். இல்லாதபோது டென்ட் புல்லரால் (தகட்டுப் பள்ளத்தை இழுக்கும் கருவி) பிடுங்குவது, துரப்பணம் போடுவது என்று ஆரம்பித்தால் காலத்தின் தலைப்பகுதி வார்ப்பு உடையும். அது துத்தநாகக் கலவை, பற்றவைப்புக்கு வராது. முப்பது டாலர்ச் சிலிண்டர் வேலை, ஸ்டீயரிங் காலம் தேடும் வேலையாக மாறும்.

புதுச் சிலிண்டரைச் சாவியோடு பிடித்து உள்ளே தள்ளி, லேசான அழுத்தத்தோடு திருப்பிக்கொண்டே இருந்தால் பல்லோடு பொருந்தி ஒரு கட்டத்தில் உள்ளே அமரும். அப்போதுதான் இறுதியாகத் தள்ளிப் பூட்ட வேண்டும். எல்லாம் திரும்ப மாட்டிய பிறகு நட்டைச் சுமார் 30 அடி-பவுண்டு முறுக்குங்கள், உங்கள் ஆண்டு மேனுவலில் உள்ள எண்ணே கடைசி.

இங்கே ஒரு தவறான நோயறிதல் அடிக்கடி நடக்கிறது. சாவி நன்றாகத் திரும்புகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது சாவி தளர்ந்து சுற்றுகிறது. அது சாவிப் பிரச்சினையே அல்ல. மின்சார ஸ்விட்ச் காலத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, நடுவே ஒரு கம்பியும் மேலே பற்களும் அதை இயக்குகின்றன. பல் உடைந்திருக்கும் அல்லது ஸ்விட்ச் நகர்ந்திருக்கும். புதுச் சிலிண்டர் வாங்கி மாட்டினால் பழைய குறை அப்படியே இருக்கும்.

புது செட், பழைய செட்

பட்டியலில் வரும் புதுச் சிலிண்டர்கள் இயங்குவதில் குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறு. பல செட்டுகள் உங்கள் ஆண்டுக்குரிய காடியில் வருவதில்லை. 1971 காரில் ஏ-பி இருக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்து வரும். ஆர்டருக்கு முன் எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். இக்னிஷன் ஒரு சாவி, கதவு இன்னொரு சாவி, பெட்டி மூன்றாவது என்று மூன்று சாவி சுமக்கவும் நேரும். கதவுச் செட்டில் சிலிண்டரின் வால் பகுதியில் உள்ள நாக்கு வராமல் போகலாம், பழையதிலிருந்து மாற்ற வேண்டும். கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், தலைகீழாக மாட்டினால் பூட்டுவது திறப்பதாகும்.

இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. தகடு போடாத வெறும் இக்னிஷன் சிலிண்டர் விற்கிறது. அதில் உங்கள் கதவின் ஆறு எண்களுக்குரிய தகடுகளையும் சுருள்களையும் வைத்து, மேல் மூடித் தகட்டை அழுத்திக் குத்தினால் அசல் கதவுச் சாவியே புது இக்னிஷனையும் திருப்பும். இக்னிஷன் தகடுகள் தேய்ந்துவிட்ட 1969–73 காருக்கு இதைவிடச் சரியான தீர்வு கிடையாது. மூடியைக் குத்தும் முன் சாவியை நுழைத்து, சைடுபார் முழுதும் இறங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குத்திய பிறகு பிரித்தால் மூடி வீண்.

உடைத்த காரிலிருந்து எடுத்த பூட்டு செட் சாவியோடு கிடைத்தால், அதே ஆண்டு என்றால், நல்ல பேரம். பென்சில்வேனியாவின் கார்லைலில் ஆண்டுதோறும் கூடும் கார்வெட் சந்தை போன்ற இடங்களில் இவை வரும். எல்லா சிலிண்டரும் அந்த ஒரு சாவிக்குத் திரும்புகிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள், பெட்டியில் கலந்து போட்டதைச் செட் என்று விற்பவர்கள் உண்டு.

கார்வெட் மீட்பாளர்கள் சங்கமான என்.சி.ஆர்.எஸ். நடத்தும் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோகும் காராக இருந்தால் கழற்றிய அசல் சிலிண்டர் எதையும் எறியாதீர்கள். அன்று இந்தப் பூட்டும் சாவியும் செய்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். அந்தப் பிரிவு 1995-இல் ஸ்ட்ராட்டெக் என்று தனி நிறுவனமானது. பழைய பெயர் பொறித்த வெட்டாத சாவிகளும், எண் துண்டு உடையாத மறுபதிப்புகளும் கிடைக்கின்றன. அன்றாடம் ஓட்ட இல்கோ சாவியை வைத்துக்கொண்டு, பெயர் பொறித்ததை மதிப்பீட்டு மேசைக்கு மட்டும் எடுங்கள்.

பூட்டுக்கு உயவாக கிராஃபைட் தூள் அல்லது உலர் டெஃப்லான், இரண்டில் ஒன்று. முன்பே எண்ணெய் குடித்த பூட்டில் கிராஃபைட் போட்டால் கறுப்புக் களிம்பாகித் தகடுகளை ஒட்டிவைக்கும்.

1986–96 காராக இருந்தால்

நான்காம் தலைமுறையில் கணக்கே வேறு. 1986 கார்வெட்டில்தான் ஜி.எம். முதன்முதலாக வாட்ஸ் என்கிற திருட்டுத் தடுப்பைக் கொண்டுவந்தது. சாவித் தண்டில் கறுப்பாகத் தெரியும் சிறு வில்லைக்குள் ஒரு ரெசிஸ்டர். வெட்டு சரியாக இருந்து ரெசிஸ்டர் தப்பானால் சாவி திரும்பும், ஸ்டார்ட்டர் இயங்காது, எரிபொருளும் வராது. மொத்தம் 15 மதிப்புகள், 402 ஓமிலிருந்து 11,800 ஓம் வரை.

சாவி இருந்தால் வில்லையின் இரு பக்கத் தொடுமுனைகளில் மல்ட்டிமீட்டர் வைத்து அளந்து, அதே மதிப்புள்ள வெட்டாத சாவி வாங்கலாம். சாவி இல்லையென்றால், பூட்டுக்காரரின் இன்டரகேட்டர் கருவி மதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் காரின் வாட்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி (மாட்யூல்) சுமார் நான்கு நிமிடம் கதவடைத்துவிடும், ஆகவே மோசமான நாளில் ஒரு மணி நேரம் ஆகும். காத்திருக்காமல் அடுத்ததை முயன்றால் சரியான மதிப்பும் தவறாகத் தெரியும்.

சாவியை மாற்றியும் சில நாள் ஸ்டார்ட் ஆகி, சில நாள் ஆகாமல் இருந்தால் சந்தேகம் சாவி மேல் போக வேண்டாம். சிலிண்டரிலிருந்து கீழே இறங்கும் இரண்டு மெல்லிய வயர்கள் ஸ்டீயரிங்கைச் சாய்த்துச் சாய்த்தே அறுந்துபோகும். காலத்தின் அடியில் உள்ள கனெக்டரைக் கழற்றி, சாவியை உள்ளே வைத்து அளங்கள். சாவியில் 1,870 ஓம் காட்டி இங்கே ஒன்றும் காட்டாவிட்டாலோ, ஸ்டீயரிங்கைச் சாய்க்கும்போது எண் தாவினாலோ, வயர்தான். வயரோடு வரும் புதுச் சிலிண்டர் முறையான பழுது. கனெக்டரின் மாட்யூல் பக்கத்தில் அதே மதிப்புள்ள ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுவதும் காரை ஓடவைக்கும். ஆனால் அதன் பிறகு வெட்டு பொருந்தும் எந்தச் சாவியும் அந்தக் காரை எடுத்துச் செல்லும். செய்தால் அடுத்து வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் சரியான வில்லைச் சாவி தேடி அலைவார்.